நாலாவது மீனவன்

எங்கள் வானியல் சங்கத்தில் பதினான்கு பேர் இருந்தோம். மோர்ஸ் தீவுக்கு அதுவே அதிகம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். மூடிப்போன பால் பண்ணையின் பின்கட்டை நகராட்சி எங்களுக்குச் சும்மா கொடுத்திருந்தது. அதன் கூரையில் பாதியை அறுத்து, அடியில் சக்கரம் வைத்து, தோள் கொடுத்துத் தள்ளினால் திறக்கும்படி செய்தவன் ஹோல்கர். கடற்கழியில் சிப்பி அள்ளும் படகு வைத்திருந்தவன். நான் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்பதால் முதல் கூட்டத்திலேயே என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு வேறு ஆளை யாரும் தேடவில்லை. சங்கத்தில் எல்லோருக்கும் நான் ‘வாத்தியார்’. ரிக்மோர் ஒருத்திதான் என்னை ஈவர் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

ரிக்மோர் தபால்காரி. தீவின் வடபாதி முழுக்க அவள் சைக்கிள் போகும். சங்கத்துக்கு வந்தபோது அவளுக்கு நாற்பது வயது. தனியாக இருந்தாள். எல்லோரும் முதல் நாள் பெரிய தொலைநோக்கியில் சனிக்கோளின் வளையத்தைக் காட்டச் சொல்வார்கள். அவள் அதைக் கேட்கவில்லை.

“எனக்கு இயந்திரமெல்லாம் வேணாம் ஈவர். வெறும் பைனாகுலர் வச்சுக்கிட்டு உருப்படியா செய்யிற மாதிரி ஏதாவது வேலை இருக்கா?” என்றாள்.

நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். “நோவா தேடலாம். கண்ணுக்கே தெரியாத ஒரு மங்கல் நட்சத்திரம் திடீர்னு வெடிச்சுப் பிரகாசமாகும். இருக்கிற நட்சத்திரம் எல்லாத்தையும் மனப்பாடமா வச்சிருந்தாத்தான் புதுசா ஒண்ணு வந்தாக் கண்ணுல படும். ஆயிரக்கணக்குல இருக்கு. யாராலயும் முடியாது.”

“என்னோட லைன்ல அறுநூத்திப் பத்து வீடு,” என்றாள் அவள். “ஒரு வீட்டுல ஜன்னல் திரைய மாத்தினாக்கூட எனக்குத் தெரியும்.”

அப்படி ஆரம்பித்தது. வானம் தெளிந்த ஒவ்வொரு மாலையும் கொல்லையில் சாய்வு நாற்காலி போட்டு, ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு, பால்வீதியைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டே போவாள். நட்சத்திரக் கூட்டங்களுக்கு அவளே பெயர் வைத்திருந்தாள். உடைந்த ஏணி, பாதிரியாரின் மூக்கு, மூன்று மீனவர்கள். ஒவ்வொரு மாலைக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுவாள்: தேதி, நேரம், எங்கெங்கே பார்த்தாள், ‘எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள்’. குளிர்காலத்துக்கு ஒரு நோட்டு என்று பதினேழு குளிர்காலம் இப்படி எழுதினாள். நோட்டுகளைச் சங்கத்து அலமாரியில் வைப்பாள்.

நோவாவுக்குக் கண்டுபிடித்தவரின் பெயரை வைப்பதில்லை. உலகப் பட்டியலில் பெயரும் ஊரும் ஒரே ஒரு வரியில் வரும். அவளுக்கு அந்த ஒரு வரி போதும் என்று இருந்தது.

நடுவில் இரண்டு முறை தவறு நடந்தது. முதல் முறை அவள் பார்த்தது வெஸ்டா என்ற சிறுகோள். இரண்டாவது முறை, அவ்வப்போது கூடிக் குறையும் ஒரு பழைய நட்சத்திரம். இரண்டு முறையும், இந்த மாதிரிக் கண்டுபிடிப்புகளைப் பதிவு செய்யும் அமெரிக்க மையத்துக்குத் தந்தி கொடுத்துவிட்டோம். “இனிமேல் சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்” என்று பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனாலும் தலைவர் என்று அடியில் கையெழுத்துப் போட்டிருந்தவன் நான். எனக்குக் காது சிவந்துவிட்டது.

“போஸ்ட்டம்மா தபாலத் தப்பான வீட்டுல போட்டுட்டாங்கப்பா!” என்று ஹோல்கர் சிரித்தான். ரிக்மோரும் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் ஒரு விதி கொண்டுவந்தேன். சங்கத்தில் இன்னொருவர் தன் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் எதையும் வெளியே அறிவிக்கக் கூடாது. இன்னொருவர் என்றால் அது நான்தான் என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு மணி. எங்கள் பக்கத்தில் அந்த மாதத்தில் நாலு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். அன்று என் மகள் லிஸ்பெத்தை மணக்கப்போகிறவனின் அப்பா அம்மா கோபன்ஹேகனிலிருந்து முதல் தடவையாக வீட்டுக்கு வந்திருந்தார்கள். என் மனைவி ஓசா காலையிலிருந்து பன்றி இறைச்சியை வாட்டிக்கொண்டிருந்தாள். மேல்தோல் மொறுமொறுவென்று வந்திருந்தது. மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்தோம். தொலைபேசி அடித்தது.

நடைவழியில் கோட்டு மாட்டும் கொக்கிகளுக்குப் பக்கத்தில் தொலைபேசி இருந்தது. போய் எடுத்தேன்.

“ஈவர், கொஞ்சம் வெளிய போய்ப் பாரேன்,” என்றாள் ரிக்மோர். மூச்சு வாங்கியது. “மூணு மீனவங்க பக்கத்துல நாலாவதா ஒருத்தன் நிக்கிறான்.”

“இப்பவா? வீட்டுல விருந்தாளிங்க இருக்காங்க ரிக்மோர்.”

“தெரியும், லிஸ்பெத் சொன்னா. ரெண்டே நிமிஷம்தான். தலைக்கு நேர் மேல, காசியோப்பியாகிட்ட. வாசப்படியில நின்னு அண்ணாந்தாலே போதும். வியாழக்கிழமை அங்க இல்ல. சத்தியமா இல்ல.”

“வெஸ்டாவோட தம்பியா இருக்கப்போகுது.”

“சிறுகோள் எதுவும் அந்தப் பக்கமே வராது. நீதானே சொல்லிக்கொடுத்த? மாறுற நட்சத்திரப் பட்டியலயும் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல. நீ ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லு, நான் லைன்லயே இருக்கேன்.”

ரிசீவரை மேசைமேல் வைத்தேன். என் பைனாகுலர் கோட்டுகளுக்கு நடுவே வார் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. கை வைத்தேன். அதன் உலோகம் சில்லென்று இருந்தது. உள்ளே மாப்பிள்ளையின் அப்பா ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஓசா “ஈவர், குழம்பு ஆறுது!” என்று குரல் கொடுத்தாள். என் காலில் வீட்டுச் செருப்பு. வெளியே வாசற்படி முழுக்க உறைபனி. கதவுக்கும் எனக்கும் நாலு எட்டு இருந்திருக்கும்.

நான் போகவில்லை.

கோட்டுகளுக்குப் பக்கத்தில் மூன்று நிமிஷமோ நாலு நிமிஷமோ சும்மா நின்றேன். போய்ப் பார்த்துவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு ரிசீவரை எடுத்தேன்.

“பாத்தேன் ரிக்மோர். மூணு பேருதான் இருக்காங்க.”

“மூணுதானா?” என்றாள்.

“மூணுதான்.”

“நல்லாப் பாத்தியா?”

“ஏன், என் கண்ணு மேல சந்தேகமா?”

“சேச்சே. உன் கண்ணச் சந்தேகப்பட்டா நான் யார் கண்ண நம்புறது? போ, போய்ச் சாப்பிடு. ஞாயித்துக்கிழமையும் அதுவுமா தொந்தரவு பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோ.”

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் “பரவால்ல” என்றேன். திரும்பி வந்து உட்கார்ந்து இறைச்சி இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏன் போகவில்லை என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுவிட்டேன். சோம்பல் என்று சொல்லலாம். குளிர், விருந்தாளிகள் என்று சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இதை எழுதியே பிரயோஜனமில்லை. அவள் குரலில் இருந்த உறுதியைக் கேட்டதுமே, இந்த முறை நிஜமாக இருந்துவிடுமோ என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. முப்பது வருஷம் வானத்தைப் பற்றிப் பேசியவன் நான். எதையும் கண்டுபிடித்ததில்லை.

புதன்கிழமை காலை ஆர்ஹுஸிலிருந்து ஒரு நண்பர் பள்ளிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். காசியோப்பியாவில் நோவா. போர்ச்சுகலில் ஒரு மருந்துக்கடைக்காரர் ஞாயிறு இரவு கண்டுபிடித்திருக்கிறார். நேரத்தைக் கேட்டேன். ரிக்மோர் என்னைக் கூப்பிட்டதற்கு மூன்றரை மணி நேரம் கழித்து.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவளே பள்ளிக்கு வந்துவிட்டாள். சிவப்புத் தபால் சட்டையோடு ஆசிரியர் அறைக்குள் நுழைந்தாள். ஹோல்கர் சொல்லிவிட்டானாம். என்னைப் பிடித்துக் கொல்லப்போகிறாள் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

“ஈவர், அது நிஜம்! நிஜமாவே இருந்திருக்கு!”

“ஆமா,” என்றேன்.

“நான் யோசிச்சுக்கிட்டே வந்தேன். தப்பு என் மேலதான். மூணு மீனவங்க, மூணு மீனவங்கன்னு நானா பேர் வச்சா உனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துலயே அதே மாதிரி இன்னொரு மூணு இருக்கு. நீ அதப் பாத்திருப்ப. அதத்தானே பாத்த?”

எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அதற்குள் நுழைந்துகொண்டேன்.

“இருக்கலாம்,” என்றேன். “அதத்தான் பாத்திருப்பேன்.”

“அதான! நான் ஒழுங்கா நம்பர் போட்டு இடத்தச் சொல்லியிருக்கணும். விடு, யாருக்கும் நடக்கிறதுதான். நீ மனசுல போட்டுக்காத.” என் தோளில் தட்டினாள். “போர்ச்சுகல்காரனும் பைனாகுலர்லதான் பாத்தானாம். நல்ல மனுஷனா இருப்பான்.”

அவள் போன பிறகு மற்ற ஆசிரியர்கள் என்னவென்று கேட்டார்கள். சங்கத்து விஷயம் என்றேன். அடுத்த வாரம் சங்கத்தில் அவள் நோட்டுப் புத்தகத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். பாதிரியாரின் மூக்கு, உடைந்த ஏணி எல்லாவற்றையும் அடித்துவிட்டு, பக்கத்தில் வானத்தில் அவை இருக்கும் இடத்தைச் சின்னச் சின்ன எண்களில் எழுதியிருந்தாள். பதினேழு வருஷப் பெயர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை சங்கத்தில் வழக்கமான விருந்து. அன்று மட்டும் வீட்டில் உள்ளவர்களும் வருவார்கள். ஓசா உருண்டைப் பணியாரம் சுட்டு எடுத்து வந்திருந்தாள். சூடான மசாலா ஒயினைக் குடித்து எல்லோருக்கும் கன்னம் சிவந்திருந்தது. ஹோல்கர் கோப்பையைத் தூக்கினான்.

“நம்ம வாத்தியாருக்கு இந்த வருஷம் சங்கத்து சார்பா ஒரு கண்ணாடி வாங்கித் தரணும்ப்பா! தலைக்கு மேல குண்டு பல்பு எரியுது, மனுஷனுக்குத் தெரியல!”

எல்லோரும் சிரித்தார்கள். ரிக்மோர் மட்டும் கையை உயர்த்தி அவனை அடக்கினாள். “டேய் ஹோல்கர், சும்மா இரு. நான் வழி தப்பாச் சொன்னா அவன் என்ன பண்ணுவான்? அந்தக் குளிர்ல, விருந்தாளிங்கள விட்டுட்டு வெளிய போய் நின்னு பாத்தான் பாரு, அதுவே பெருசு.”

ஓசா பணியாரத் தட்டோடு அவள் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளிடம் நான் எதையுமே சொல்லியிருக்கவில்லை. “என்னைக்கு? சம்பந்திங்க வந்த அன்னைக்கா?” என்றாள். “அன்னைக்கு இவன் எங்க வெளிய போனான்? கோட்டுங்க பக்கத்துலயே மரம் மாதிரி நின்னுக்கிட்டு இருந்தான். குழம்பு ஆறிப்போச்சேன்னு நான் ரெண்டு தடவ எட்டிப் பாத்தேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே புரிய ஆரம்பித்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஹோல்கர் தூக்கிய கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

ரிக்மோர் என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை. பக்கத்தில் நின்று, மெதுவாக, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோலக் கேட்டாள்.

“நீ வெளியவே போகலியா, ஈவர்?”

“இல்ல.”

“அப்ப வேற மூணப் பாத்தேன்னு சொன்னது?”

“ரிக்மோர், நான்... மன்னிச்சிரு.”

“உன்கிட்ட பேசி வச்சுட்டு நான் மறுபடியும் கொல்லைக்குப் போனேன்,” என்றாள். “அது அங்கயேதான் இருந்துச்சு. பளிச்சுனு. கண்ணக் கசக்கிட்டுப் பாத்தேன், அப்பவும் இருந்துச்சு. ஈவர் இல்லைன்னு சொல்லிட்டானே, அப்ப இல்லதான், எனக்குத்தான் ஏதோ ஆயிருச்சுன்னு நினைச்சேன். என் கண்ணால பாத்துக்கிட்டே, இல்லைன்னு நம்பினேன். நீ சொன்னதுக்காக.”

“மன்னிச்சிரு,” என்றேன் மறுபடியும்.

“சொல்லிட்ட. கேட்டுட்டேன்.” பையிலிருந்து சங்கத்துச் சாவியை எடுத்து, பணியாரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். “நீ கேட்ட மன்னிப்ப வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். ஹோல்கர் பின்னாலேயே ஓடினான். அரை மணி கழித்துத் தனியாகத் திரும்பி வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவன் என்னை வாத்தியாரே என்று கூப்பிட்டதில்லை.

அன்றிரவு ஓசா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “நாலு எட்டுதானே ஈவர்?”

ஜனவரியில் தலைவர் பதவியை விட்டேன். அமெரிக்க மையத்துக்கு இரண்டு பக்கம் எழுதினேன். நடந்ததை நடந்தபடியே, என் பொய்யையும் சேர்த்து எழுதி, அவள் நோட்டின் பிரதியையும் வைத்து அனுப்பினேன். முதலில் பார்த்தவள் அவள்தான், பட்டியலில் அவள் பெயரும் வரவேண்டும் என்று கேட்டிருந்தேன்.

இதற்கிடையே ஒவ்வொரு நாளும் பத்தரை மணிக்கு அவள் எங்கள் வாசலுக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். அவள் லைனில் எங்கள் வீடும் ஒன்று. விடுமுறை நாளில் நான் ஓடிப்போய்க் கதவைத் திறப்பேன். முதல் தடவை அப்படித் திறந்தபோது அவள், “வணக்கம். உங்களுக்கு ரெண்டு கடுதாசி,” என்றாள்.

உங்களுக்கு. பதினேழு வருஷம் நீ, வா, போ என்று பேசியவள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மின்சாரக் கட்டணச் சீட்டு கொடுக்க வரும் எந்த வீட்டிலும் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

மையத்தின் பதிலும் அவள் கையால்தான் வந்தது. உறையின் மூலையில் பெயர் அச்சடித்திருந்தது. அவள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வாசலிலேயே பிரித்துப் படித்தேன். வருத்தம் தெரிவித்திருந்தார்கள். அறிவிப்பு வெளிவருவதற்கு முன்பு வந்து சேர்ந்த தகவல்களை மட்டுமே பட்டியலில் சேர்க்க முடியும் என்றும், ரிக்மோர் அம்மையாருக்குத் தங்கள் மரியாதையைத் தெரிவிக்கும்படியும் எழுதியிருந்தார்கள். நான் சாலைக்கு ஓடினேன். அவள் பக்கத்து வீட்டில் இருந்தாள்.

“ரிக்மோர், இது உன்னப் பத்தின கடிதம்.”

“மேல உங்க பேர் இருக்கு,” என்றாள். “உங்களுக்கு வந்தத நான் படிக்கக் கூடாதுங்க. எங்க ஆபீஸ் விதி.” சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

நோவா மார்ச் மாதம் வரை மங்கிக்கொண்டே வந்தது. நான் தினமும் போய்ப் பார்த்தேன். யாருக்காக என்று தெரியாது. ஏப்ரலில் என் பைனாகுலருக்கு அது எட்டவில்லை. சங்கத்தில் பெரிய தொலைநோக்கியில் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று ஹோல்கர் மற்றவர்களைக் கூப்பிட்டான். என்னைக் கூப்பிடவில்லை. சங்கம் நடந்தது. அவளுடைய நாற்காலியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பல் வைத்தியர் உட்கார்ந்தார்.

நாலு வருஷம் கழித்து தீவின் இரண்டு தபால் நிலையங்களை ஒன்றாக்கினார்கள். ரிக்மோர் ஓய்வு வாங்கிக்கொண்டு ஆல்போர்கில் இருந்த தங்கை வீட்டுக்குப் போகிறாள் என்று ஓசாதான் சொன்னாள். கடைசி நாள் ஒரு மே மாத வெள்ளிக்கிழமை. அவளுடைய பதினேழு நோட்டுப் புத்தகங்களும் சங்கத்து அலமாரியிலேயே கிடந்தன. அவற்றை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு எடுத்துவந்து, பத்து மணியிலிருந்தே வாசலில் நின்றேன்.

வந்தாள். பெட்டியைப் பார்த்துச் சைக்கிளை நிறுத்தினாள். மேலே இருந்த நோட்டை எடுத்து இரண்டு பக்கம் புரட்டினாள்.

“எவ்வளவு எழுதியிருக்கேன்!” என்றாள். வேறு யாரோ எழுதியதைப் பார்ப்பதுபோல இருந்தது.

“ஆல்போர்க்ல வெளிச்சம் அதிகம்,” என்றேன். என்ன பேசுவது என்று தெரியாமல்தான் சொன்னேன். “ஆனா தங்கச்சி வீடு ஊருக்கு வெளியன்னு ஓசா சொன்னா. வானம் நல்லாத் தெரியும். பாக்குறியா இப்பல்லாம்?”

“இல்லீங்க. ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துடறேன்.”

போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் நோட்டைத் திரும்பப் பெட்டியில் வைத்து, அதன் ஓரத்தைச் சரிசெய்தாள்.

“ஒரே ஒரு தடவ பாத்தேன்,” என்றாள். “போன வருஷம் அக்டோபர்ல. பைனாகுலர எடுத்துக்கிட்டுக் கொல்லைக்குப் போனேன். எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. ஒண்ணுகூட மறக்கல. ஆனா எதப் பாத்தாலும், இது நிஜமாவே அங்க இருக்கான்னு மனசு கேக்குது. ஒவ்வொண்ணுக்கும் கேக்குது. முன்னாடியெல்லாம் எனக்கு அப்படிக் கேட்டதே இல்லீங்க. பாத்தா இருக்கும், அவ்வளவுதான். பத்து நிமிஷம்கூட உக்கார முடியல. உள்ள வந்துட்டேன்.”

அழுதேன் என்று நினைக்கிறேன். அவள் அதைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டாள். பிறகு பையில் தேடி, எங்கள் வீட்டுக்கு வந்த பத்திரிகையையும் ஒரு விளம்பரத் தாளையும் எடுத்து என் கையில் கொடுத்தாள்.

“பெட்டிய சைக்கிள்ல கட்ட முடியாது,” என்றாள். “நீங்களே வச்சுக்கோங்க. இல்ல, அடுப்புல போடுங்க. வரேன், இன்னும் பதினோரு வீடு பாக்கி.”

பக்கத்து வீட்டில் மணி அடித்தாள். அந்த வீட்டுக்காரர்கள் எங்கள் ஊர் வழக்கப்படி அவளை வாழ்த்தக் கொடி ஏற்றி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் ஓடிவந்து அவள் கையில் பூங்கொத்து கொடுத்தார்கள். அவர்கள் ஏதோ சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.